காய்கறி கேசரோலில் தண்ணீர் விடாமல் இருக்க என்ன வழி?

கேள்வி: ப்ரோக்கோலி, கேரட், பீன்ஸ் போட்டு ஒயிட் சாஸ் ஊற்றி, மேலே சீஸ் தூவி அவனில் வைக்கப் போகிறேன். அடியில் தண்ணீர் தேங்காமல் இருக்க என்ன செய்யலாம்? முந்தின நாளே தயார் செய்யலாமா?

பதில் 1: காயை முழுசாக வேகவிடாதீர்கள். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 2, 3 நிமிடம் போதும், உடனே வடித்து துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள், ப்ரோக்கோலியைக் கவிழ்த்து வையுங்கள், பூவுக்குள்தான் தண்ணீர் நிற்கும்.

பதில் 2: சாஸும் கெட்டியாக இருக்கணும். 2 மேசைக்கரண்டி வெண்ணெய், அதே அளவு மைதா, 1 கப் பால். கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு போட்டால் அது மூடாமல் நிற்க வேண்டும். அப்புறம் 190 டிகிரியில் 25 நிமிடம், ஓரத்தில் குமிழி வரும்வரை.

பதில் 3: முந்தின நாளே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைக்கலாம், தாராளமாக. ரொட்டித்தூள் சேர்ப்பதாக இருந்தால் கடைசியில் தூவுங்கள், இல்லாவிட்டால் நமத்துவிடும். கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான அவனுக்குள் வைக்காதீர்கள், விரிசல் விடலாம்.