ஊர் இருந்த இடத்தில் ஒரு பூங்கா: போய் வந்தவர்கள் சொல்கிறோம்

நாங்கள் அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. ஐ-44 நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் 'ரூட் 66 ஸ்டேட் பார்க்' என்ற பலகையைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறோம். ரூட் 66 என்பது ஒரு பழைய நெடுஞ்சாலை. பழைய கார் நாலு, பெட்ரோல் பங்க் ஒன்று என்று நிறுத்தி வைத்திருப்பார்கள், அதை என்ன பார்ப்பது என்று ஒரு அலட்சியம். போன ஏப்ரலில் மகளுக்கு சைக்கிள் பழக்க, மேடு பள்ளம் இல்லாத, வண்டி நடமாட்டம் குறைந்த இடமாகத் தேடினோம். அப்படித்தான் உள்ளே நுழைந்தோம்.

முதலில் கண்ணில் பட்டது தகவல் மையம். 1935இல் சாலையோர விடுதியாகக் கட்டிய கட்டடம். அது ஆற்றுக்கு இந்தக் கரையில், பூங்கா அந்தக் கரையில். நடுவே மெரமெக் ஆற்றின் மேல் பாலம் நிற்கிறது, ஆனால் நடக்கத் தளம் இல்லை. 2009இல் போக்குவரத்தை நிறுத்தி, அப்புறம் தளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இரும்புச் சட்டம் மட்டும் மீன் முள் மாதிரி நிற்கிறது. மறுபடி நெடுஞ்சாலை ஏறிச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அலுப்பாக இருந்தது. இருந்தாலும் வந்ததுக்கு மையத்துக்குள் ஒரு எட்டு பார்த்துவிடுவோம் என்று போனோம். போகாமல் இருந்திருந்தால் எங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

பூங்கா இருக்கும் இடத்தில் டைம்ஸ் பீச் என்று ஓர் ஊர் இருந்திருக்கிறது. 1925இல் ஒரு செய்தித்தாள் நிறுவனம் சந்தா சேர்ப்பதற்காக மனை விற்று உண்டாக்கிய ஊர். ஆறு மாதச் சந்தாவோடு 20 அடிக்கு 100 அடி மனை, விலை 67 டாலர் 50 சென்ட். ஆற்றங்கரையில் கோடை வீடு கட்டிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வரும் இடம் என்பதால் பல வீடுகளைத் தூண் மேல் கட்டினார்கள். பிறகு பொருளாதார மந்தம், உலகப் போர், பெட்ரோல் ரேஷன். உல்லாசத்துக்கு வருகிறவர்கள் குறைந்து, கையில் காசு அதிகம் இல்லாதவர்கள் நிரந்தரமாகக் குடியேறினார்கள். கடைசியில் ஏறத்தாழ 2,000 பேர்.

ஊர்த் தெருக்களுக்குத் தார் போட நகராட்சியிடம் பணம் இல்லை. புழுதி தாங்க முடியவில்லை. 1972இல் ரஸ்ஸல் பிளிஸ் என்ற கழிவு எண்ணெய்க்காரரை அமர்த்தினார்கள். கேலனுக்கு 6 சென்ட், எண்ணெய் தெளித்துப் புழுதியை அடக்குவார். நாலு வருஷம் தெளித்தார். அந்த எண்ணெயில் வெரோனா என்ற ஊரிலிருந்த ஒரு ரசாயன ஆலையின் கசடும் கலந்திருந்தது. ஆலை தயாரித்தது ஹெக்ஸாகுளோரோஃபீன், அதாவது சோப்பிலும் ஆஸ்பத்திரியிலும் போடுகிற கிருமிநாசினி. அதன் கழிவில் டயாக்சின் என்ற கொடிய நச்சுப்பொருள். கிருமி கொல்லுகிற மருந்தின் அடிமண்டியைத் தெருவில் ஊற்றியிருக்கிறார்கள்! எண்ணெயில் அது இருப்பதே தனக்குத் தெரியாது என்றார் பிளிஸ்.

1982 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மண் மாதிரி எடுத்து முடித்தது. இரண்டே நாளில் ஆறு பெருகி ஊரை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்து ஜனங்கள் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், 23ஆம் தேதி சேதி வந்தது: ஊருக்குள் இருப்பவர்கள் வெளியேறுங்கள், வெளியே போனவர்கள் திரும்பி வராதீர்கள். 1983 பிப்ரவரியில் ஊரையே அரசு விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. 800 வீடுகள், 30 கடை கண்ணிகள்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பூங்காவுக்குப் போனால், அங்கே ஒன்றுமே இல்லை. புல், மரம், பறவைச் சத்தம். ஒன்றுதான் உறுத்தியது. மரங்களுக்கு நடுவே பாதைகள் நேராகப் போய்ச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. பூங்காப் பாதை வளைந்து நெளிந்துதானே போகும்? இங்கே எதற்கு நாற்சந்தி?

மகள் சைக்கிளைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடினாள். மஞ்சள் டாஃபடில் பூக்கள். காட்டுப்பூவாக இருந்தால் சிதறிக் கிடக்கும். இவை ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே வரிசையில், பத்தடி நீளத்துக்கு, சட்டென்று ஓரிடத்தில் நின்றுவிட்டன. அவள் பறிக்கப் போக, பின்னாலிருந்து ஒரு குரல்: "கண்ணு, ஒன்றே ஒன்று எடுத்துக்கோ. அது யாரோ வாசலுக்கு வைத்தது."

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. வருஷா வருஷம் பூக்கிற சமயத்தில் வருவாராம். பூ வரிசை நிற்கிற இடத்திலிருந்து நாலு எட்டு வைத்து, "இங்கே படி. மூன்று படி" என்றார். அவர் வீடு இல்லை, எதிர் வீட்டுக்காரர் வீடு. எண்ணெய் லாரி வந்தால் சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாம். பின்னாலேயே ஓடி வழுக்கி விளையாடுவார்களாம். தெரு ஊதா நிறமாகிவிடும், நாற்றம் மூக்கைத் துளைக்கும், ராத்திரி அவர் அம்மா குதிகாலைத் தேய்த்துத் தேய்த்துத் திட்டுவாராம். ஊரை விட்டுப் போன பிறகு பட்டது இதைவிட மோசம் என்றார். எந்த ஊர் என்று சொன்னதும் கடையில் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்களாம். பள்ளியில் பக்கத்துப் பெஞ்சு காலியாகிவிடுமாம்.

"உங்க வீடு எங்கே?" என்று மகள் கேட்டாள்.

அவர் தூரத்தில் கை காட்டினார். நீளமாக, தாழ்வாக, புல் மூடிய ஒரு மேடு. நம் ஊர்க்காரர் யார் பார்த்தாலும் ஏரிக்கரை என்றுதான் சொல்வோம். இடித்த வீடுகளை எல்லாம் ஒன்றாகக் குவித்து மண் போட்டு மூடியது அங்கேதான்.

"அதுக்குள்ளேயா?" மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கதவு எந்தப் பக்கம்?" என்றாள்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நான் குழந்தையின் கால் இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அசட்டுத்தனம் என்று தெரியும். ஆனாலும் கழுவினேன். உங்களில் யாராவது அங்கே போயிருக்கிறீர்களா?

•••

அக்கா, நான் பத்து வருஷமாக அங்கே சைக்கிள் ஓட்டுகிறேன். கால் கழுவியதற்குச் சிரிக்க மாட்டேன், என் மனைவி ஒரு வருஷம் என் ஷூவை வீட்டுக்குள் விடவில்லை. பால்கனியில்தான் வாசம்.

அதனால் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பூங்கா இருக்கும் இடத்திலேயே எரிகலன் கட்டி, 1996 மார்ச் முதல் 1997 ஜூன் வரை மண்ணை எரித்திருக்கிறார்கள். டைம்ஸ் பீச் மண் மட்டும் இல்லை, கிழக்கு மிசூரியில் அந்த எண்ணெய் பட்ட மற்ற இடங்களின் மண்ணும் சேர்த்து 2,65,000 டன். அதுக்கப்புறம்தான் 1999இல் 419 ஏக்கர் பூங்காவாகத் திறந்தார்கள். டயாக்சின் எவ்வளவு இருந்தால் ஆபத்து என்ற கணக்கை மாற்றியபோது 2012இல் மறுபடி மண் எடுத்துப் பார்த்து, வருகிறவர்களுக்கும் அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் ஆபத்தில்லை என்று சொன்னார்கள். கையில் அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் ஷூ உள்ளே வந்தது.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு. ஊரைக் காலி செய்யச் சொன்ன மத்திய சுகாதார அதிகாரி வெர்னான் ஹூக், 1991இல், இன்று தெரிந்தது அன்று தெரிந்திருந்தால் அதைப் பரிந்துரைத்திருக்க மாட்டோம் என்கிற மாதிரி பேசியிருக்கிறார். அந்தக் கருத்தை ஏற்காத விஞ்ஞானிகளும் உண்டு, அது இருக்கட்டும். ஆனால் வீட்டை விட்டு வந்து எட்டு வருஷம் கழித்து அதைப் பேப்பரில் படித்தவர்கள் காப்பியைக் குடித்திருப்பார்களா, கொட்டியிருப்பார்களா?

பெயரும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊர் நகராட்சி என்ற அந்தஸ்தை இழந்தது 1985இல். ரூட் 66ஐ அரசு நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் அதே 1985இல். செத்துப்போன இரண்டில் ஒன்றின் பெயரைப் பலகையில் போட்டுவிட்டு இன்னொன்றைக் கண்காட்சிக்குள் வைத்துவிட்டார்கள். எது சுற்றுலாவுக்கு நல்லது என்று பார்த்திருப்பார்கள் போல.

எனக்கும் ஒருவர் அகப்பட்டார். நாங்கள் நாலு பேர் எப்போதும் கார் நிறுத்துகிற திடலில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர், நாயோடு வந்தவர், போனில் யாருக்கோ வழி சொல்கிறார்: "சர்ச் பக்கத்தில்தான் நிற்கிறேன், சீக்கிரம் வா." நாங்கள் சுற்றிப் பார்த்தோம். சர்ச் ஏது? ஒரு ஓக் மரமும் குப்பைத் தொட்டியும்தான். வரச்சொன்ன ஆள் ஐந்தே நிமிஷத்தில் நேராக அங்கே வந்து சேர்ந்தார், ஜிபிஎஸ் எதுவும் பார்க்காமல். அன்றிலிருந்து நாங்களும் "ஞாயிறு ஏழு மணி, சர்ச் பக்கம்" என்றுதான் வாட்ஸாப்பில் போடுகிறோம்.

•••

நியூயார்க்கிலிருந்து எழுதுகிறேன். சென்ட்ரல் பார்க்குக்கு எத்தனை தடவை போயிருப்பேன், அதன் அடியில் ஓர் ஊர் இருப்பது ஊரிலிருந்து வந்த என் மாமனாரோடு போன அன்றுதான் எனக்குத் தெரியும்.

அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் பலகை படிக்காமல் நகர மாட்டார். பூங்காவின் மேற்கு ஓரமாக, 82ஆம் தெருவிலிருந்து 89ஆம் தெரு வரைக்கும் செனெகா வில்லேஜ் என்ற குடியிருப்பு இருந்ததாகப் பலகை வைத்திருக்கிறார்கள். 1825இல் கறுப்பின மக்கள் மனை வாங்கிக் கட்டிய ஊர். பின்னால் ஐரிஷ்காரர்களும் வந்தார்கள். 1855 வாக்கில் சுமார் 225 பேர், தேவாலயங்கள், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம். பூங்காவுக்காக நகரம் நிலத்தை எடுத்துக்கொண்டு 1857க்குள் எல்லாரையும் அப்புறப்படுத்திவிட்டது.

மாமனார் முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இழப்பீடு எவ்வளவும்மா கொடுத்தாங்க?"

நான் ராத்திரி தேடிப் படித்துச் சொன்னேன். மனைக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள், போதாது என்று பலர் மனுப் போட்டிருக்கிறார்கள். அதைவிட, அன்றைய நியூயார்க் சட்டப்படி கறுப்பின ஆணுக்கு ஓட்டுரிமை வேண்டுமென்றால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். மனை போனால் அதற்குத் தகுதியும் போய்விடலாம். மாமனார், "அதுக்கு எந்த ஃபார்முலாவும் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

2011இல் அங்கே தோண்டியபோது வீட்டுச் சாமான்களோடு ஒரு சின்னச் செருப்பும் கிடைத்திருக்கிறது, தோல் அடிப்பாகத்தோடு. மறுநாள் காலையில் நான் கேட்காமலே அவர், "அந்த இடத்துக்கு இன்னொரு தரம் போகலாமா?" என்றார். போனோம். எட்டு வைத்து அளந்து பார்த்துவிட்டு வந்தார். என்ன அளந்தார் என்று சொல்லவில்லை.

•••

எனக்குப் பூங்கா அனுபவம் இல்லை. எங்கள் பூட்டன் ஊர் 1934இல் மேட்டூர் அணைக்குள் போன ஊர்களில் ஒன்று. தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும். பேப்பரில் அந்தப் படம் வந்தால் விவசாயத்துக்குத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம், எல்லாரும் கவலைப்படுவார்கள். எங்கள் அப்பா மட்டும் கத்தரிக்கோலைத் தேடுவார். ஃபைலில் ஏழெட்டுப் படம் இருக்கிறது.

•••

எல்லாருக்கும் நன்றி. பூவைப் பறித்தாளா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இல்லை. மூன்று படி இருந்த இடத்தில் உட்கார்ந்து எண்ணினாள், பதினேழு.

போன வாரம் மறுபடி போனோம். பூ முடிந்துவிட்டது. இலைகூடப் பழுத்துச் சாய்ந்து கிடக்கிறது, ஆனால் சாய்ந்ததும் வரிசையாகத்தான் சாய்ந்திருக்கிறது. தம்பி சொன்ன ஓக் மரத்தையும் குப்பைத் தொட்டியையும் கண்டுபிடித்துவிட்டோம். மகள் நான் சீட்டைப் பிடிக்காமலே பெடல் போட்டு சர்ச் வரைக்கும் போனாள். திரும்பத்தான் தெரியவில்லை. இறங்கி, வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்துக்கொண்டு, மறுபடி ஏறி வந்தாள்.