வீட்டருகே புதிய கேஜன் உணவகம்: பெயருக்கு ஏற்ற சாப்பாடுதானா?

கேட்டிவாசி
ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டியில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு கேஜன் உணவகம், அதாவது லூசியானா மாநிலத்துக் கேஜன் மக்களின் சமையல், திறந்திருக்கிறார்கள். நேற்று மனைவியும் நானும் போனோம். கோழியும் ஆண்டூயி என்ற புகையூட்டிய பன்றி சாசேஜும் போட்ட கம்போ என்ற குழம்பு ஒன்று, இறால் போன்ற நன்னீர் உயிரியான கிராஃபிஷ் போட்ட எடூஃபே குழம்பு ஒன்று. கம்போ கடுங்காப்பி நிறத்தில் வந்தது. முதல் வாயிலேயே வறுத்த கடலையின் மணம், அடுத்து புகைவாசம், மிளகு கடைசியில்தான் தெரிந்தது. என் மனைவி தூத்துக்குடிக்காரர். குழம்பு விஷயத்தில் எளிதில் திருப்தி அடையாதவர். கிண்ணம் காலியாகும் வரை அவர் பேசவே இல்லை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் அவசியம் போய்ச் சாப்பிடுங்கள்.

லாஃபயெட்டில் இருந்தவன்
எனக்கு உடன்பாடு இல்லை, நண்பரே. லூசியானாவின் லாஃபயெட் நகரில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். போன வாரம் அதே கடையில் கடலுணவு கம்போ வாங்கினேன். அதில் தக்காளி! ரசம் போல ஓடவும் செய்தது. ஜம்பலாயா என்ற இறைச்சிச் சோறும் சிவப்பாக இருந்தது. கேஜன் வீடுகளில் ஜம்பலாயா பழுப்பு நிறம். இறைச்சி சட்டியின் அடியில் பிடித்துச் சிவக்கிறதே, அதைச் சுரண்டிக் கரைப்பதில் வரும் நிறம் அது. தக்காளி போடுவது நியூ ஆர்லியன்ஸின் கிரியோல் சமையல் வழக்கம். அதுவும் அருமையான சமையல்தான். ஆனால் வாசலில் கேஜன் என்று எழுதிவிட்டு அதைப் பரிமாறலாமா?

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1755இல் தொடங்கி பிரிட்டிஷார் இன்றைய நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து விரட்டியடித்த பிரெஞ்சு மொழி பேசும் அக்காடியர்கள், ஊர் ஊராக அலைந்து 1760களில் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 'அக்காடியன்' என்ற சொல்தான் தேய்ந்து 'கேஜன்' ஆனது. சதுப்பு நிலத்திலும் புல்வெளியிலும் கிடைத்ததை வைத்து அவர்கள் பிழைத்த கதைதான் அந்தச் சமையல்.

செம்பருத்தி
தக்காளி பற்றி நீங்கள் சொல்வது சரி, அண்ணா. நீர்த்திருந்தது என்பதைக் குறையாகச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் வீட்டில் கம்போ செய்கிறேன். 'ரூ' என்று அவர்கள் சொல்லும் மாவு வறுவல்தான் அதற்கு அடிப்படை. எண்ணெயில் மைதாவைப் போட்டு, கையை எடுக்காமல் முக்கால் மணி நேரம் வரை கிளற வேண்டும். கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் கீழே கொட்டிவிட்டு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிறம் சாக்லேட் பக்கம் வந்ததும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் சேர்த்துக் கொட்டினால் சூடு இறங்கி வறுபடுவது மட்டுப்படும். இந்த மூன்றையும் அவர்கள் 'பரிசுத்த திரித்துவம்' என்று அழைக்கிறார்கள்.

மாவு கறுக்கக் கறுக்க அதிலுள்ள மாவுச்சத்து சிதைகிறது. குழம்பைக் கெட்டியாக்கும் சக்தி குறைகிறது. நிறம் ஆழமாக இருந்தும் குழம்பு ஓடுகிறது என்றால், யாரோ அடுப்பருகே பொறுமையாக நின்றிருக்கிறார்கள் என்று பொருள். நீங்கள் சாப்பிட்டது என்ன நிறத்தில் இருந்தது?

லாஃபயெட்டில் இருந்தவன்
கறுப்பாகத்தான் இருந்தது. அந்த ஒரு குறையைத் திரும்பப் பெறுகிறேன். தக்காளியை மன்னிக்க மாட்டேன்.

காரப்பிரியன்
நானும் போனேன். கேஜன் என்றால் நாக்கு எரிய வேண்டாமா? காரமே இல்லை. கறுக்க வாட்டிய மீன் ஒன்றில்தான் கொஞ்சம் உயிர் இருந்தது. அசல் கேஜன் சாப்பாடு அதுதான்.

செம்பருத்தி
இல்லை, தம்பி. அந்த மீன் பழைய வீட்டுச் சமையலில் வந்ததல்ல. ஓபலூசாஸ் பகுதியில் பிறந்த பால் புருதோம் என்ற கேஜன் சமையல் கலைஞர் 1979இல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்து பிரபலமாக்கியது. வெண்ணெயில் தோய்த்து, மசாலா தடவி, கொதிக்கக் காய்ந்த இரும்புச் சட்டியில் போடுவார்கள். அதற்கு எழுந்த கிராக்கியில் மெக்சிகோ வளைகுடாவில் அதற்குப் பயன்பட்ட 'ரெட்ஃபிஷ்' என்ற மீனைப் பிடிக்கக் கட்டுப்பாடு விதிக்கும் நிலை வந்தது. எரிக்கும் காரம் கேஜன் சமையலின் அடையாளம் அல்ல; ஆழம்தான் அடையாளம். காரம் வேண்டுமென்றால் மேசையில் சாஸ் புட்டி இருக்கிறது.

கேட்டிவாசி
லாஃபயெட் நண்பருக்கு ஒரு கேள்வி. கம்போ என்ற சொல்லே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தந்தது அது. மேலே தூவும் ஃபீலே, சாசஃப்ராஸ் இலைப்பொடி. சாக்டா பழங்குடியினர் தந்தது. இத்தனை கைகள் பட்ட ஒரு கிண்ணத்தில், தக்காளி போட்ட கையை மட்டும் ஏன் தட்டிவிட வேண்டும்?

லாஃபயெட்டில் இருந்தவன்
கலப்பு கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? இதே ஹூஸ்டனில் வியட்நாமியர்கள் அவித்த கிராஃபிஷ் மீது பூண்டு வெண்ணெயைக் கொட்டிப் புரட்டித் தருகிறார்கள். சீசன் வந்தால் மாதம் இரண்டு முறையாவது போவேன். அவர்கள் அதை 'வியட்-கேஜன்' என்று நேர்மையாகப் பெயர் சொல்லி விற்கிறார்கள். நான் கேட்பது அந்த ஒரு சொல் மட்டுமே. 'கிரியோல் கம்போ' என்று பட்டியலில் போட்டிருந்தால் இரண்டாவது கிண்ணமும் வாங்கியிருப்பேன். லாஃபயெட்டில் என் பக்கத்து வீட்டுப் பாட்டி, பள்ளியில் பிரெஞ்சு பேசியதற்காக அடி வாங்கியவர். மொழி போனது, சமையல்தான் மிச்சம் என்பார். அவருடைய கம்போவைச் சாப்பிட்டவனால் பெயரை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேட்டிவாசி
இதை நான் யோசிக்கவில்லை. கடைக்காரரிடம் பேசுகிறேன். பட்டியலில் ஒரு சொல் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. ஆனாலும் அந்தக் கோழிக் கம்போவை நீங்கள் சாப்பிடாமல் கடையை ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை. அதில் தக்காளி துளியும் இல்லை.

மரக்கறி
சைவர்களுக்கு ஒரு தகவல்: சிவப்பு பீன்ஸ் சோறு சைவம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கேட்டேன், பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பதாகச் சொன்னார்கள். சோளரொட்டியும் கோல்ஸ்லாவும்தான் எனக்குக் கிடைத்தன.

லாஃபயெட்டில் இருந்தவன்
சரி, சனிக்கிழமை மதியம் வருகிறேன், கோழிக் கம்போவுக்காக. கடைக்காரரிடம் பேசும்போது இதையும் கேளுங்கள்: உருளைக்கிழங்கு சாலடைத் தனித் தட்டில் வைக்காமல், அந்தப் பாட்டி செய்வது போலக் கம்போ கிண்ணத்துக்குள்ளேயே போட்டுத் தருவார்களா?