மருத்துவமனையில் தங்காதவருக்கு மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி வந்தது?

தக்கலைவாசி:
அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. நாகர்கோவிலில் கல்ச்சர் (கிருமி வளர்ப்பு) சோதனை செய்ததில், இ.எஸ்.பி.எல். வகை ஈ.கோலை பாக்டீரியா என்று அறிக்கை வந்தது. மருத்துவமனையில் ஒரு நாள்கூடத் தங்கியிராதவருக்கு இது எங்கிருந்து வந்திருக்கும்?

நுண்ணுயிரியல் மாணவி:
இ.எஸ்.பி.எல். என்பது பென்சிலின்களையும் செஃபலோஸ்போரின்கள் என்னும் ஆன்டிபயாட்டிக்குகள் பலவற்றையும் சிதைக்கும், பாக்டீரியாவின் நொதி. அதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, வேறு இனத்துக்கும்கூட, எளிதாகத் தாவிவிடுகிறது. இத்தகைய பாக்டீரியா உணவு, நீர், கைகள் வழியாகக் குடலை அடைந்து, எந்தத் தொல்லையும் தராமல் மாதக்கணக்கில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், மருத்துவமனை வாசம் கட்டாயமில்லை. அம்மா அண்மையில் ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா?

மார்த்தாண்டம் மருந்தாளுநர்:
மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் 2014 முதல் எச்1 என்னும் கட்டுப்பாட்டு மருந்து அட்டவணையில் உள்ளன. மருத்துவரின் சீட்டு வேண்டும், விற்பனை விவரத்தை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் பழைய மாத்திரை அட்டையைக் காட்டி "இதில் ரெண்டு மட்டும்" என்று கேட்பவர்கள் ஓயவில்லை. மறுத்தால் கோபம் எங்கள்மீதுதான். கோழிப் பண்ணைகளையும் மறக்கலாகாது: கடைசிப் புகலிடமான கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைகளுக்குத் தருவதை 2019இல்தான் இந்தியா தடைசெய்தது.

தக்கலைவாசி:
சளிக்கென்று இருமுறை கடையில் வாங்கிச் சாப்பிட்டதாக இப்போதுதான் அம்மா சொல்கிறார். அறிக்கையில் நைட்ரோஃபுரான்டாயின் என்னும் மருந்துக்குக் கிருமி அடங்கும் என்றிருப்பதால், மருத்துவர் அதையே எழுதியிருக்கிறார்.