மாவிளக்கு ஊர்வலத்துக்குக் கூட்டம் எண்ணும் கேமரா வைக்கலாமா?

பாலக்கோட்டான்:
வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் விழாக்குழுவில் இருக்கிறேன். மாவிளக்கு அன்று சுத்துப்பட்டு ஊர் சனமும், பெங்களூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறார்கள். கோயிலுக்குப் போக ஒரே ஒரு சந்துதான், இரண்டு பக்கமும் பொரிக்கடை, வளையல் கடை. போன வருடம் கரகம் உள்ளே வர, கும்பிட்டவர்கள் வெளியே வர, நடுவில் மாட்டிய ஒரு பாட்டியைக் கையில் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தோம். இப்போது ஒருத்தர் வந்து, இருக்கிற சிசிடிவியிலேயே மென்பொருள் போட்டால் எத்தனை பேர், எவ்வளவு இடைவெளி என்று காட்டும், நெரிசல் வந்தால் செல்போனுக்கு எச்சரிக்கை வரும் என்கிறார். கொரோனா சமயத்தில் ஆறடி இடைவெளி பார்த்த அதே ஏற்பாடுதானாம். தலைக்கட்டு வரி போட்டு வசூலித்த காசு, வாங்கலாமா?

ஓசூர்_கேமரா:
நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன் அண்ணா. 2020-ல் வந்த இடைவெளி மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: படத்தில் ஒவ்வொரு ஆளையும் கண்டுபிடித்துக் கட்டம் போடும், தரையில் நான்கு புள்ளிகளை முன்கூட்டியே அளந்து கொடுத்தால் மேலிருந்து பார்க்கிற மாதிரி மாற்றிக்கொண்டு, கால் இருக்கும் இடத்தை வைத்து மீட்டர் கணக்கு போடும். கடைத்தெருவில் தள்ளித் தள்ளி நிற்கும் ஆட்களுக்கு இது சரி. சந்தில் தோளோடு தோள் நின்றால் கால் எங்கே தெரியும்? முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரை மறைத்துவிடுவார், கூட்டம் கூடக் கூட எண்ணிக்கை குறைச்சலாகவே வரும். அதற்குத் தனி முறை இருக்கிறது, ஆளை ஆளாக எண்ணாமல் படத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு அடர்த்தி என்று கணிக்கும். வந்தவரிடம் அதைத்தான் கேளுங்கள், ஆறடிக் கணக்கு பண்டிகைக்கு உதவாது.

இன்னொன்று, மாவிளக்குத் தட்டு. தலையை வைத்து எண்ணும் மென்பொருளுக்கு, தலைமேல் தட்டும் அதைச் சுற்றி கனகாம்பரமும் இருந்தால் மேலிருந்து தலையே தெரியாது. போன வருட வீடியோ இருந்தால் அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு படத்தை நிறுத்தி வைத்துக் கையால் எண்ணிப் பாருங்கள். அப்புறம் விலை பேசுங்கள்.

பந்தோபஸ்து:
ஊர்க்காவல் படையில் இருந்து ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் நின்றவன் என்பதால் சொல்கிறேன். மொத்தம் எத்தனை பேர் என்பது முக்கியமில்லை தம்பி, மிகக் குறுகலான இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்பதுதான் முக்கியம். நான்கு பேர் வரைக்கும் மெதுவாகவாவது நகரலாம். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து, ஆறு ஏழு ஆகிவிட்டால் யாரும் தன் காலால் நடப்பதில்லை, கூட்டம் தள்ளுகிற பக்கம் போவதுதான்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் இட்டேவோன் என்ற இடத்தில் 2022 அக்டோபர் 29 அன்று ஒரு சரிவான சந்தில் ஏற்பட்ட நெரிசலால் 159 பேர் செத்தார்கள். அன்று மாலை 6:34-க்கே ஒருவர் போலீசுக்குப் போன் போட்டு இங்கே நசுங்கிச் சாவோம் போலிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார், அசம்பாவிதம் நடந்தது இரவு 10:15 வாக்கில். எச்சரிக்கை கிடைத்தது, சந்தின் வாயை அடைக்க ஆள் வரவில்லை. அதற்குப் பிறகு அங்கே அடர்த்தி பார்க்கும் கேமரா வைத்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே 2025 ஜூன் 4-ல் பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 11 பேர், அதுவும் வெளியே, கேட்டருகில்.

எச்சரிக்கை யார் செல்போனுக்கு வரும், அவர் சொன்னால் தேர்முட்டியில் ஊர்வலத்தை நிறுத்துவார்களா? கரகம் தூக்குகிறவரும் பம்பைக்காரரும் அதற்கு முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். நிறுத்த வேண்டியது சந்துக்குள் அல்ல, அதற்கு வெகு முன்னால். உள்ளே போக ஒரு வழி, வெளியே வர வேறு வழி என்று சவுக்குக் கட்டை கட்டி, அந்தப் பொரிக்கடைகளை ஒரு நாளைக்கு மைதானத்துக்கு மாற்றினாலே பாதி நெரிசல் குறையும்.

மாரண்டஅள்ளி_அக்கா:
மஞ்சத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு வருகிறோம், அந்தப் படம் யார் கையில் இருக்கும் என்று யாரும் கேட்கவே இல்லையே? எண்ணுவதற்கு முகம் தேவையில்லை. எண்ணிக்கை மட்டும் வெளியே போகட்டும், வீடியோ கோயில் அறையில் உள்ள பெட்டியைத் தாண்டக் கூடாது, பண்டிகை முடிந்து இத்தனை நாளில் அழிக்கணும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். குளிக்கிற இடத்துப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது.

பாலக்கோட்டான்:
எல்லோருக்கும் நன்றி. கடைக்காரர்களிடம் நாளைக்கே பேசுகிறேன், வீடியோ விஷயத்தை அக்கா சொன்னபடியே எழுதி வாங்குகிறோம். கரண்டு போனால் என்ன ஆகும்?

ஓசூர்_கேமரா:
கேமரா, ரெக்கார்டர், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் இன்வெர்ட்டர் வேண்டும். அதைவிட, அவ்வளவு கூட்டத்தில் செல்போன் சிக்னலே கிடைக்காது, எச்சரிக்கை வந்து சேராது. திரையைக் கோயில் அறையில் வைத்து ஒருத்தரை உட்கார வையுங்கள், அவர் கையில் மைக் இருக்கட்டும், தேர்முட்டிக்கு ஒயர் இழுத்து ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுங்கள்.