ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

செவ்வாய்ப்பேட்டை வாசி:
என் கார் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் (என்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற வகை). 72,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வாரம் இரண்டு முறை ஏற்காடு போய் வருகிறேன். மலை ஏறி வண்டி சூடானதும், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது லேசாக உதறுகிறது. சர்வீஸில் கேட்டால் 'இது ஆயுளுக்கும் போட்ட ஆயில், தொடாதீங்க' என்கிறார்கள். நானே மாற்றலாமா?

அழகாபுரம் டிரைவர்:
தாராளமாக மாற்றுங்கள். கியர்பாக்ஸ் செய்கிற இசட்எஃப் நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லையென்றால் 8 வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. உங்கள் ஓட்டமோ 20 கொண்டை ஊசி வளைவு. வளைவில் வேகம் குறைந்து இழுக்கும்போது கன்வெர்ட்டர் லாக் ஆகாது, அதாவது என்ஜினோடு நேராக இணையாது, உள்ளே ஆயில் கடைபட்டுச் சூடேறும். அந்தச் சூடுதான் ஆயிலைக் கெடுப்பது.

நான் இரண்டு முறை வீட்டிலேயே மாற்றினேன். முதல் முறை வடிந்தது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வடிக்கிற பிளக்கில் உள்ள காந்தத்தில் விபூதியைக் குழைத்துப் பூசியதுபோல் ஒரு விழுது. அது தேய்மானத் தூள்தான், பயப்பட வேண்டாம். நகத்தில் நெருடுகிற சில்லு இருந்தால் மட்டும் விஷயம் வேறு.

குகை பட்டறை:
தம்பி, வடிப்பது பெரிய வேலை இல்லை. அளவு வைப்பதுதான் வேலை. இந்த மாதிரி பெட்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கிற குச்சி, கிடையாது. என்ஜினை ஓடவிட்டு, ஆயில் கையேட்டில் சொன்ன சூட்டில் (சில வண்டிகளுக்கு 50-60 டிகிரி) இருக்கும்போது அளவு பார்க்கிற லெவல் பிளக்கைத் திறந்து, மெல்லிய நூலாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி சமமாக நிற்க வேண்டும். நம்ம ஊர் போர்டிகோ எல்லாம் மழைத்தண்ணீர் ஓட தெருப்பக்கம் சரிவாகத்தானே போட்டிருக்கும்? அந்தச் சரிவில் வைத்த அளவு தப்பாகத்தான் இருக்கும்.

இரண்டு மாதம் முன்பு வீட்டில் மாற்றிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. முக்கால் லிட்டர் குறைவு. அடிவாரம் தாண்டி ஏறும்போது என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. அதிகமானாலும் ஆபத்து, நுரைத்துவிடும்.

அழகாபுரம் டிரைவர்:
அண்ணா, நான் நாலு ஸ்டாண்டிலும் தூக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். வடிந்ததைத் தண்ணீர் பாட்டிலில் அளந்து, அதே அளவு ஊற்றினேன். பட்டறை மட்டும் என்ன வாழ்ந்தது? ஓரிடத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே டிரம்மிலிருந்து ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தேன். வீட்டிலென்றால் கேனில் எழுதியிருக்கிற ஸ்பெக்கை, அதாவது எந்த வகை ஆயில் என்பதை, நானே படித்து ஊற்றுவேன்.

குகை பட்டறை:
டிரம் விஷயம் நியாயம், எந்தப் பட்டறை செய்தாலும் தப்புதான். ஆனால் ஏற்கெனவே கசிந்து குறைந்திருந்தால், வடிந்த அளவையே ஊற்றினால் அந்தக் குறைவு அப்படியே தொடருமே? அப்புறம், கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்த பிறகுதான் லெவல் பார்க்க முடியும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் டி போட்டால் சக்கரம் சுற்றும். அந்த நேரத்தில் கீழே ஒருவர் படுத்திருந்தால்? நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அழகாபுரம் டிரைவர்:
அது நான் யோசிக்காதது, அண்ணா. என் தம்பி பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான், ஆனால் நான் அப்போது கீழேதான் இருந்தேன்.

ஏற்காடு காபித்தோட்டம்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோமேட்டிக்) வண்டிக்கு அதற்கென்று உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள், 2016 விதிகளின்படி அது அபாயக் கழிவு. கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசி:
சரி. வடித்து ஊற்றுவதை வீட்டில் செய்துவிட்டு, லெவலை மட்டும் லிஃப்ட் உள்ள இடத்தில் பார்க்கலாமா?

குகை பட்டறை:
குறைந்த ஆயிலில் வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு வர வேண்டுமே. ஆயிலை நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள், லிஃப்ட்டில் நீங்கள் பக்கத்தில் நிற்க நான் செய்கிறேன். ஒருமுறை வடித்தால் பாதிக்குமேல் உள்ளேயே தங்கும், அதனால் 5,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றலாம்.

இல்லை, வீட்டில்தான் என்றால் ஒரே ஒரு விஷயம். ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். அது இறுகிப்போய் வரவில்லை, அல்லது மரை போய்விட்டது என்றால், வடிக்கிற பிளக்கில் கையே வைக்காதீர்கள்.