புதுப்பிப்பு: அண்ணனின் அறுவை சிகிச்சையும் நான் திருத்த வேண்டிய ஒரு வரியும்

மூளையில் கிளையோமா கட்டி உள்ள அண்ணனுக்கு, அறுவை சிகிச்சைக்கு முன் கட்டியை ஒளிரச் செய்யும் மருந்து தரப்போகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். சிகிச்சை முடிந்துவிட்டது. பேசுகிறார், நடக்கிறார்.

அந்த மருந்து அமினோலெவுலினிக் அமிலம். கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் வீதம், மயக்க மருந்துக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். கட்டியின் செல்கள் அதை ஒளிரும் பொருளாக மாற்றிச் சேர்த்துக்கொள்கின்றன. நுண்ணோக்கி வழியே நீல ஒளி பாய்ச்சினால் கட்டி செந்நிறமாகத் தெரிகிறது. 2006இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் இம்முறையில் 65 சதவீதம் பேருக்குக் கட்டி முழுமையாக அகற்றப்பட்டது. வழக்கமான வெள்ளை ஒளியில் 36 சதவீதம்தான். மொத்த ஆயுட்காலத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

இப்போது திருத்தம். மனச்சோர்வுக்காக அண்ணன் எடுத்துவந்த செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரையைப் பற்றி, "மூலிகைதானே, மருத்துவரிடம் சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். அது பெரும் தவறு. அதிலுள்ள ஹைப்பெரிசின் தோலை ஒளிக்கு எளிதில் பாதிக்கப்படச் செய்யும். அமினோலெவுலினிக் அமிலமும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் தோல் வெந்துபோகலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளின் வீரியத்தையும் அம்மூலிகை குறைத்துவிடும். நல்லவேளையாக, மயக்க மருத்துவர் தாமாகவே கேட்டார். மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

என் வரியை நம்பி யாராவது மறைத்திருந்தால், தயவுசெய்து இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திசு ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.