கீறோட்டு விலக்கம்: ஏதென்சின் ஆஸ்ட்ரகிஸ்மோசுக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குடிமக்கள் பானையோட்டில் பெயர் கீறி ஒருவரை 10 ஆண்டுகள் நகரைவிட்டு விலக்கிவைத்த பண்டைய ஏதென்சின் ‘ஆஸ்ட்ரகிஸ்மோஸ்’ முறையைத் தமிழில் ‘நாடுகடத்தல்’ என்றே எழுதலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. நாடுகடத்தல் ஒரு தண்டனை. அதற்கு முன் குற்றச்சாட்டும் விசாரணையும் தீர்ப்பும் உண்டு. இங்கோ குற்றச்சாட்டே கிடையாது. இவ்வாண்டு எவரையேனும் விலக்க வேண்டுமா என்று மக்களவை முதலில் முடிவு செய்யும். வேண்டும் என்றால், சில வாரங்கள் கழித்துக் குடிமக்கள் சந்தைவெளியில் கூடி, உடைந்த பானையோட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6000 ஓடுகள் தேவை. விலக்கப்பட்டவர் 10 நாள்களுக்குள் வெளியேறி 10 ஆண்டுகள் வெளியே இருக்க வேண்டும். ஆனால் அவருடைய நிலமும் குடியுரிமையும் அவரிடமே இருக்கும்.

‘ஊர்விலக்கு’ அதைவிடவும் பொருந்தாது, ஏனெனில் அச்சொல்லில் அவமானம் ஏறியிருக்கிறது. ஆஸ்ட்ரகிஸ்மோசிலோ அந்த அவமானம் இல்லை. கி.மு. 482இல் இம்முறையில் விலக்கப்பட்ட அரசியல் தலைவர் அரிஸ்டைடீசைப் பாரசீகப் படையெடுப்பின்போது ஏதென்சே திருப்பி அழைத்தது. 479இல் பாரசீகருக்கு எதிரான பிளாட்டீயா போரில் அவர் ஏதென்சுப் படையின் தலைவர்.

‘ஓட்டு விலக்கு’ என்று நண்பர் ஒருவர் எழுதியது மூலத்துக்கு நெருக்கமானது. ஆஸ்ட்ரகான் என்றால் ஓடுதான். ஆனால் இன்றைய வாசகர் அதை வாக்குரிமைப் பறிப்பு என்றே படிப்பார். ‘சில்லு’ கணினித் துறைக்குப் போய்விட்டது.

எனவே ‘கீறோடு’ என்ற வினைத்தொகையை முன்வைக்கிறேன். கீழடியில் பெயர் கீறிய பானையோடுகள் கிடைத்த பிறகு இந்தக் ‘கீறல்’ நமக்குப் பழகிய சொல். ஏதென்சின் ஓடுகளிலும் ‘தெமிஸ்டோக்ளீஸ், நியோக்ளீசின் மகன்’ என்று தந்தை பெயரோடு கீறியிருக்கிறார்கள். ஏதென்சின் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிசின் வடசரிவில் ஒரு கிணற்றில் கிடைத்த ஏறத்தாழ 190 ஓடுகளிலும் ஏதென்சின் அரசியல் தலைவரான இந்தத் தெமிஸ்டோக்ளீசின் பெயரே இருக்கிறது. எழுத்தின் பாங்கைப் பார்த்தால் அவற்றைக் கீறியவர்களோ வெகு சிலரே. எதிர்த்தரப்பினர் முன்கூட்டியே கீறி வைத்துக் கூட்டத்தில் வழங்க எண்ணியிருக்க வேண்டும். வெறும் ‘வாக்கு’ என்று பெயர்த்தால் ஓடு என்ற பொருளே மறைந்து, இப்படியொரு சான்றை விளக்கவே சொல் இல்லாமற் போகும்.

ஆகவே ஆஸ்ட்ரகான் ‘கீறோடு’, ஆஸ்ட்ரகிஸ்மோஸ் ‘கீறோட்டு விலக்கம்’. ‘வரிவிலக்கு’ போன்ற வழக்குகளால் ‘விலக்கு’ சலுகைப் பொருளுக்குச் சாய்ந்துவிட்டது. அதனால்தான் ‘விலக்கம்’ என்கிறேன். சிசிலித் தீவின் கிரேக்க நகரான சிராக்கூசில் ஒலிவ இலையில் பெயர் எழுதி 5 ஆண்டுகள் விலக்கிய பெட்டலிஸ்மோசுக்கு ‘இலை விலக்கம்’ என்ற இணைச்சொல்லும் இதே அச்சில் கிடைக்கிறது. விசாரணைக்குப் பின் வரும் தண்டனைக்கு ‘நாடுகடத்தல்’ அப்படியே இருக்கட்டும். புணர்ச்சியில் பிழை கண்டால் திருத்துங்கள்.